ஒரே பத்திரிகையில் இரண்டு கல்யாணம்

விவாகரத்து கேட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவேன். "நகை யாருக்கும்மா சேரும்?" என்று ஆரம்பிப்பவன் நகையை ஏற்கெனவே அடகு வைத்தவன். "எவ்ளோ சீக்கிரம் முடியும்?" என்பவனுக்கு வெளியே ஒருத்தி காத்திருக்கிறாள். "பத்திரத்துல எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டமே, பத்தாதா?" என்பவர்கள் பஞ்சாயத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்தவர்கள். பத்தாது, அது பேரீச்சம்பழத்துக்குக்கூட ஆகாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது. தாலியைக் கழற்றித்தான் மனுப் போட வேண்டுமா என்று கேட்பவளிடம் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை.

பவானி கேட்டது இதில் எதுவுமில்லை. 2009ஆம் வருஷக் கடைசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், சிதம்பரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் என் அறைக்கு வந்தாள். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப இல்லன்னு சொல்லலாங்களா?"

நான் அப்போதுதான் ஒரு வாய்தாவுக்கு அலைந்துவிட்டு எரிச்சலில் உட்கார்ந்திருந்தேன். "போடும்போது புத்தி எங்க போச்சு?" என்றேன்.

"புத்தியோடதான் மேடம் போட்டேன். அதான் கேக்க வந்தன்" என்றாள்.

அந்தப் பதிலுக்காகத்தான் அவளை உட்காரச் சொன்னேன். இல்லையென்றால் கீழே ஜெராக்ஸ் கடைக்காரனிடம் போய்க் கேட்கச் சொல்லியிருப்பேன். அவனும் இப்போதெல்லாம் சட்டம் சொல்கிறான்.

அவள் பிறந்தது குடிகாட்டில். கடலூருக்குத் தெற்கே, கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டிய ஊர். அப்பா ராஜமாணிக்கம் இருந்த நிலத்தில் பாதியை விற்றுவிட்டு, மீதியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தவர். அண்ணன் இளவரசு ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தான். ஷிப்ட் முடிந்தால் குடி, குடி முடிந்தால் ஷிப்ட். பவானி பிளஸ் டூ முடித்து டைப்பிங் கற்றுக்கொண்டு வீட்டில் இருந்தாள். பெண்ணுக்கு நகை போட அப்பாவிடம் வழியில்லை. குடிகாரப் பையனுக்குப் பெண் கொடுக்க ஊரில் ஆளில்லை.

சிதம்பரத்தில் ரத்தினம்மாள் என்று ஒரு விதவை இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புருஷன் விட்டுப்போன சைக்கிள் ஸ்டாண்டை, மோட்டார் சைக்கிள்களும் விடும் இடமாக வளர்த்திருந்தாள். கொளஞ்சி என்று ஒரு மகன், பொன்னி என்று ஒரு மகள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பிரச்சினை. பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிடலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான். பவானி கொளஞ்சிக்கு, பொன்னி இளவரசுக்கு. உனக்கும் வரதட்சணை இல்லை, எனக்கும் இல்லை. 2005 ஆவணியில் சிதம்பரத்தில் ஒரே மண்டபம், ஒரே மேடை, ஒரே முகூர்த்தம். பத்திரிகையைக்கூட ஒன்றாகவே அடித்தார்கள்.

இந்த ஏற்பாட்டைப் பெருமையாகப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். என் பெண் உன் வீட்டில், உன் பெண் என் வீட்டில், அதனால் யாரும் யாரையும் கண்கலங்க வைக்கமாட்டார்கள் என்பார்கள். இதற்குப் பெயர் சம்பந்தமா? பணயம் வைப்பது என்று நேராகவே சொல்லித் தொலைக்கலாம்.

ஆனால் பவானி சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது ஒன்றும் விளங்காது. ஸ்டாண்டு வாசலில் அவள் டோக்கன் கிழித்துக் கொடுப்பாள், கொளஞ்சி வண்டியை உருட்டிப்போய் வரிசையில் நிறுத்துவான். மதியம் கூட்டம் குறைந்ததும் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். அவன் வருகிறவன் போகிறவனைப் போல நடித்துக் காட்டுவான், அவள் புரையேறச் சிரிப்பாள். ரத்தினம்மாளுக்கு அதைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிள்ளை இல்லையே என்று குத்துவாள். கொளஞ்சி ஒன்றும் பேசமாட்டான், ஆனால் ராத்திரி அவளுக்கு அல்வா வாங்கி வருவான். அவன் குணமே அதுதான் என்று அவள் அப்போது புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பொன்னிக்கு அந்தப் பக்கம் அடி விழுந்துகொண்டிருந்தது. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் அடி, கம்மி என்றால் அடி. 2007இல் ஒரு நாள் கையில் மாவுக்கட்டோடு பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து இறங்கினாள். "இனிமே அங்க போகமாட்டேன்" என்றாள். அவளைப் பார்த்ததும் பவானிதான் முதலில் எழுந்தாள். "வாங்க அண்ணி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவம். எங்கண்ணன் அடிச்சத நான் வந்து சொல்றேன்" என்றாள். பொன்னிக்கு அவள் அண்ணி, அவளுக்குப் பொன்னி அண்ணி. அந்தச் சம்பந்தத்தில் முறையெல்லாம் இப்படித்தான்.

ஸ்டேஷனுக்குப் போக ரத்தினம்மாள் விடவில்லை. மானம் போய்விடுமாம். மகள் கை உடைந்ததில் போகாத மானம்! அதற்குப் பதில் அவள் கோபமெல்லாம் கைக்கு எட்டியவள்மேல் திரும்பியது.

"உங்கண்ணன் எம் பொண்ணு கைய ஒடச்சிட்டான். நீ இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்து சோறு துன்னுவியா?"

"எங்கண்ணன நானா பெத்தன் அத்தை? அவன உள்ள போடுங்க. நான் வேணாங்கல."

"எம் பொண்ணு அந்த வூட்ல வாழலன்னா நீ இந்த வூட்ல வாழக்கூடாது. அவ்ளோதான்."

2008 பொங்கல் முடிந்ததும் கொளஞ்சியே அவளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். "ஒரு மாசம் இரு. அம்மா கோவம் அடங்கட்டும், நானே வந்து கூட்டிக்கிறேன்" என்றான். சன்னல் வழியாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தான். வரவில்லை. இவள் போன் செய்தால் ஸ்டாண்டின் இரைச்சலில் "ம்... ம்... பாக்கலாம்" என்பான்.

குடிகாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "அவுங்க பொண்ணு இங்க இல்ல. நம்ம பொண்ணு அங்க எதுக்கு?" என்றார் ராஜமாணிக்கம். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு குடும்பங்களும் பவானியின் வாழ்க்கையை அறுப்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஒன்றரை வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் பேசி முடித்தார்கள். இரண்டு ஜோடியும் பரஸ்பர சம்மதத்தில் பிரிவது. யாருக்கும் யாரும் எதுவும் தர வேண்டாம். ஒரே நாளில் முடிய வேண்டும்.

கடலூரிலிருந்து ஒரு சீனியர் வக்கீலைப் பிடித்தார்கள். கல்யாணம் நடந்தது இங்கே என்பதால் மனுவும் இங்கேதான். அவரிடம் ராஜமாணிக்கம் கேட்ட கேள்வி எங்கள் பார் ரூமில் ரொம்ப நாள் சிரிப்பாகச் சிரித்தது. "ரெண்டு கல்யாணத்தையும் ஒரே பத்திரிகைல அடிச்சோம் சார். மனுவையும் ஒண்ணா போட்டா செலவு கம்மி ஆவுமில்ல?" நாலு பேரையும் ஒரே மனுவில் சேர்த்தால் யார் யாருக்குப் புருஷன் என்று நீதிபதிக்கே குழம்பிவிடும் என்று சீனியர் சொல்லியிருக்கிறார். நான் சிரிக்கவில்லை. சட்டத்துக்கு அது இரண்டு கல்யாணம், ஒன்று ஒடிந்தால் மற்றொன்றுக்கு ஒரு கீறல்கூட விழாது. இந்தச் சின்ன விஷயம் இரண்டு வீட்டிலும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லையே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நீ ஏன் கையெழுத்துப் போட்ட?" என்று மழையில் வந்து நின்றவளிடம் கேட்டேன்.

"எங்கண்ணன் சொன்னான் மேடம். நீ போடலன்னா நானும் போடமாட்டேன், பொன்னி அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம ஆயுசுக்கும் கெடந்து சாவட்டும்னான். அண்ணிக்காகத்தான் போட்டேன்."

"உனக்குப் புருஷன் வேணுமா, வேணாமா?"

"வேணும் மேடம்" என்றாள். வெட்கப்படாமல் சொன்னாள். "அவர் நல்லவருதான். வாய்தான் இல்ல."

வாயில்லாத நல்லவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னேன். பரஸ்பர சம்மத மனு என்றால் போட்ட அன்றே முடியாது. குறைந்தது ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி கோர்ட்டில் நின்று, இப்போதும் சம்மதம் என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதம் மனசு மாறுவதற்காகவே விட்டிருக்கிற அவகாசம். ஒருத்தர் மாட்டேன் என்றால் மனு தள்ளுபடி.

அவள் கேட்டாள், "நான் மாட்டேன்னா, எங்கண்ணனும் மாட்டேன்னு சொல்லிடுவானே மேடம். அண்ணி கதி?"

"பொன்னி மனு நம்பர் முதல்ல இருக்கா, உன்னுதா?"

"அண்ணியோடதுதான் முதல்ல."

"அப்ப அதத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. ரெண்டு பேரும் சம்மதம்னு சொல்லி, நீதிபதி உத்தரவு போட்டுட்டா அப்புறம் உங்கண்ணன் தலைகீழா நின்னாலும் நடக்காது. உன் முறை அதுக்கப்புறம்தான் வரும்."

"மாத்திக் கூப்பிட்டாங்கன்னா?"

"மயக்கம் போட்டு விழு. வாய்தா போடுவாங்க."

அவள் சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த தடவை கொளஞ்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் குடிகாட்டிலிருந்து வந்திருந்தாள். அவனும் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டாண்டிலிருந்து வந்திருந்தான். நல்ல சிவப்பு, வாட்டசாட்டமான ஆள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

"ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லணுங்களா, ஒருத்தர் சொன்னாவே போதுங்களா?"

"ஒருத்தர் சொன்னாலே போதும்" என்றேன். அவன் முகம் தெளிந்தது.

"நாம ரெண்டு பேருமே சொல்லுவோம் பவானி" என்றான் அவள் பக்கம் திரும்பி. "நடராசர் மேல சத்தியம். அம்மா என்ன பண்ணிடும், பாத்துக்கலாம்."

அவள் கண் கலங்கியது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

2010இல் அந்த நாள் வந்தது. எனக்கு அன்று வேறு கேஸ் இருந்தது, ஆனால் அதற்காக நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு குடும்பமும் கூடத்தின் இரண்டு ஓரத்தில் நின்றார்கள். ரத்தினம்மாள் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, மகன் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். சின்னப் பிள்ளையைத் திருவிழாவுக்குக் கூட்டிவந்த மாதிரி இருந்தது.

டவாலி பொன்னி, இளவரசு பெயர்களைத்தான் முதலில் கூப்பிட்டான். பொன்னியின் கை கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. இருவரும் சம்மதம் என்றார்கள். யாருடைய கட்டாயமும் இல்லையே என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். மனு அனுமதிக்கப்பட்டது. பொன்னி இறங்கி வரும்போது பவானியைப் பார்த்தாள். பவானி என்ன சொல்லப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்தது கொளஞ்சி, பவானி. முதல் மனுதாரர் அவன் என்பதால் அவனைத்தான் முதலில் கேட்டார்கள்.

"உங்களுக்கு இப்பவும் விவாகரத்துக்குச் சம்மதமா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தான்.

"சம்மதங்க."

"யாருடைய கட்டாயமும் இல்லாம சொல்றீங்களா?"

"ஆமாங்க."

நான் பவானியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வாங்கியவளைப் போலத் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அவளைக் கேட்டார்கள். மறுபடி கேட்டார்கள். அவளும் சம்மதம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போய்விடட்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க ஐயா" என்றாள். "நான் இவரோடதான் வாழணும்."

வெளியே வராந்தாவில் நடந்ததை மனுஷர் செய்வது என்று சொல்ல மாட்டேன். "ஏமாத்திட்டியாடி!" என்று இளவரசு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். தன் மனுவையும் திரும்ப வாங்க வேண்டும் என்று சீனியரிடம் குதித்தான். "ஆர்டர் ஆயிடுச்சிப்பா, வீட்டுக்குப் போ" என்று அவர் நழுவினார். பொன்னி ஓடி வந்து பவானிக்கு முன்னால் நின்றாள். "இனிமே நீ எனக்கு யாரும் இல்ல. கைய வச்சுப் பாரு, நேரா ஸ்டேஷன்தான்" என்றாள் அவனிடம். இரண்டு வருஷம் தன்னிடம் அடி வாங்கியவளின் குரல் அது என்று அவனாலேயே நம்ப முடியவில்லை. ராஜமாணிக்கம் துண்டை உதறி, "இனிமே எம் வூட்டு வாசல மிதிச்சன்னா காலு இருக்காது" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். ரத்தினம்மாள் கோர்ட் வளாகத்து மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். "நீ நல்லா இருப்பியா? எம் புள்ளையே வேணாம்னு சொன்னப்புறமும் ஒட்டிக்கினு கெடக்கிறியே, மானங்கெட்டவளே!"

கொளஞ்சி அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று மத்தியானம் அவன் என் அறைக்கு வந்தான். பவானி அங்கேதான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு வந்தான்!

"பாத்தியா, ஜெயிச்சிட்டம்!"

"ஒருத்தர் சொன்னாவே போதும்னு மேடமே சொன்னாங்கல்ல? நீ எப்படியும் சொல்லிடுவன்னு எனக்குத் தெரியும். நான் வேற சொல்லி அம்மா மனச எதுக்கு நோவடிக்கணும்? அதான். இப்ப அம்மாவுக்கும் எம்மேல கோவம் இல்ல, நீயும் எம் பொண்டாட்டியாவே இருக்க."

மேஜைமேல் இருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டை அவன் மண்டையில் போடலாமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன். நான் சொன்ன சட்டத்தை இப்படியும் ஒருவன் எடுத்துக்கொள்வான் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிறவன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் அதைக் கோர்ட்டில், சத்தியப் பிரமாணத்தின் மேல் நின்று காட்டியிருக்கிறான். அப்பா, அண்ணன், மாமியார் மூன்று பேரின் பகையும் அவள் தலையில். நல்ல பெயர் மட்டும் இவனுக்கு.

பவானி மெதுவாகக் கேட்டாள், "மாமா, நான் ஒருவேள சொல்லாம வுட்டிருந்தன்னா?"

"அதான் சொல்லிட்டியே."

"சொல்லாம வுட்டிருந்தா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது பதில் எடுத்துக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. "சரி, ஸ்டாண்ட்ல ஆள் இல்ல" என்று எழுந்து போனான்.

அவள் அப்போதே அவனை விட்டிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். விடவில்லை. அவ்வளவு சண்டை போட்டுக் காப்பாற்றியதை யார்தான் உடனே தூக்கிப் போடுவார்கள்? குடிகாட்டுக்குப் போக முடியாது. பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பிடித்துக் கொடுத்தேன். தெற்கு வீதிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. கொளஞ்சி ஞாயிற்றுக்கிழமைகளில் பரோட்டா பார்சலோடு வருவான். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகாமல், பல்கலைக்கழகச் சாலையில் நடந்துவிட்டு வருவார்கள். தனியாக ஒரு வீடு பார்க்கலாம் என்றாள். "அம்மா இருக்கிற வரைக்கும் பொறுத்துக்க" என்றான். ரத்தினம்மாள் இரும்புக் கம்பி. அவள் நம் எல்லோருக்கும் பால் ஊற்றிவிட்டுத்தான் போவாள். இவனுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பவானி பொறுத்துக்கொண்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் கத்தினேன். அவள் என்னைப் பார்த்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் ஆனித் திருமஞ்சனத் தேர். கீழ வீதியில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. பவானி விடுதிப் பெண்களோடு நின்றிருக்கிறாள். ரத்தினம்மாளும் கொளஞ்சியும் எதிரே வந்துவிட்டார்கள். ஒதுங்கக்கூட இடமில்லை. ரத்தினம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காலடியில் வெற்றிலை எச்சிலைத் துப்பினாள். இவள் புடவையில் தெறித்தது. கொளஞ்சி தேரைப் பார்த்துக் கும்பிட்டான். கைகளைத் தலைக்குமேல் தூக்கி, கண்ணை மூடி, அவர்கள் கடந்து போகும்வரை கும்பிட்டுக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் கீழே ஜெராக்ஸ் கடை திறக்கும் முன்பே அவள் என் அறை வாசலில் நின்றாள்.

"மேடம், நான் மட்டும் தனியா மனு போடலாங்களா?"

"என்ன மனு?"

"விவாகரத்துதான்."

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பாள். போடலாம், ஆனால் இது சம்மத மனு இல்லை, காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்றேன். இரண்டு வருஷத்துக்கு மேல் கைவிட்டிருக்கிறான், கொடுமையும் இருக்கிறது, ஜீவனாம்சமும் கேட்கலாம், அவன் எதிர்த்தால் நாளாகும் என்றேன்.

"அவரு எதுக்கு மேடம் எதுப்பாரு? அவருதான் போன தடவையே சம்மதம்னுட்டாரே" என்றாள்.

எதிர்த்தார்கள். மருமகள் பிரியமாட்டேன் என்றபோது மண்ணை வாரித் தூற்றிய ரத்தினம்மாள், ஜீவனாம்சம் என்ற வார்த்தையைக் கேட்டதும் மருமகள்மேல் பாசம் பொங்கி வக்கீல் வைத்தாள். எங்கள் மருமகளை நாங்கள் தாங்கிக்கொண்டிருந்தோம், அவள்தான் வீட்டை விட்டு ஓடிப்போனாள் என்று பதில் மனு வந்தது. அதைப் படித்துக் காட்டியபோது பவானி ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது பதில் மனுவுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

எங்கள் பக்கத்துச் சாட்சி பொன்னி. கூடப் பிறந்தவனுக்கு எதிராகச் சொல்ல வந்திருக்கிறாயே என்று எதிர்த்தரப்பு வக்கீல் அவளைக் கிண்டினார். "எங்கண்ணனுக்கு எதிரா ஒண்ணும் சொல்லலைங்க. எங்கம்மா தொரத்துனாங்க, எங்கண்ணன் பஸ் ஏத்தி வுட்டாரு. நான் உள்ள நின்னு பாத்தேன்" என்றாள்.

அப்புறம் கொளஞ்சி கூண்டில் ஏறினான். அந்த நாளுக்காக நான் ரொம்ப நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"போன தடவை இதே கோர்ட்ல விவாகரத்துக்குச் சம்மதம்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க."

"யாராவது கட்டாயப்படுத்திச் சொன்னீங்களா?"

அவன் விழித்தான். ஆமாம் என்றால் அன்று சத்தியத்தின்மேல் சொன்னது பொய். இல்லை என்றால் பெண்டாட்டி வேண்டாம் என்று தானாகச் சொன்னவன். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம்.

"இல்லைங்க" என்றான்.

"மனு தள்ளுபடி ஆன பிறகு அவங்களை உங்க வீட்டுக்கு ஒரு நாளாவது கூட்டிட்டுப் போனீங்களா?"

"பாக்கப் போவேங்க. பரோட்டா வாங்கிக் குடுப்பேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கோபம் விடவில்லை, இன்னொன்றும் கேட்டேன். "இன்னைக்கு விவாகரத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?"

கொளஞ்சி நிமிர்ந்தான். "சம்மதம் இல்லைங்க" என்றான். கூடம் முழுக்கக் கேட்கும்படி, கணீரென்று சொன்னான். "எனக்கு என் பொண்டாட்டி வேணுங்க."

கேட்டிருக்கவே கூடாது என்று என்னையே நொந்துகொண்டேன். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் பகைத்துக்கொண்டு நின்றவள். இப்போது விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். நீதிபதியும் அவளைத்தான் பார்த்தார். சேர்ந்து வாழ இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்க விருப்பமா என்று தன்மையாகக் கேட்டார்.

பவானி எழுந்து நின்றாள். கொளஞ்சியைப் பார்த்தாள். ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. அவன் கண் போன திசையில் அவளும் திரும்பினாள், நானும் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ரத்தினம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒப்பிக்கச் சொன்னதைப் பிள்ளை தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க ஐயா" என்றாள் பவானி. "அன்னிக்குச் சம்மதம்னு சொன்னதும் அந்தம்மாதான், இன்னிக்கு இல்லன்னு சொல்றதும் அந்தம்மாதான். இவரு இன்னும் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

2012இல் விவாகரத்து கொடுத்துத் தீர்ப்பு வந்தது. கைவிட்டது கணவன் என்று அதில் எழுதியிருந்தார்கள். பவானி அந்த வரியை மட்டும் என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.